என் பக்கத்து பிரேக்

பாலினச் சமூகவியல் என்ற பாடத்தை எடுத்தபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. நான் மாணவியாகவே கடைசிவரை இருக்க வேண்டுமா, இல்லை முதல் வகுப்பு முடிந்ததும் அவர்களே என்னைப் பாடம் நடத்தச் சொல்லிவிடுவார்களா என்பதுதான் அது.

கொழுப்பு என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனால் காரணம் இருந்தது. எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் ஒரே பெண் நான். பத்திரிகையில் ஒருமுறை என் படம் வந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறார். படத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் எதையோ கூர்மையாகப் பார்க்கிறேன். எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. போட்டோக்காரர் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். அதிலிருந்து மகளிர் கூட்டங்களுக்கு என்னைப் பேசக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 'தடைகளைத் தாண்டி' என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். யோசித்துப் பார்த்தால் நான் தாண்டிய தடை எங்கள் ஸ்கூல் வாசலில் இருக்கும் வேகத்தடை மட்டும்தான். எனக்கு முன்னால் இருந்தவர் இடுப்பு வலி வந்து வேலையை விட்டு நின்றுவிட்டார். முதலாளி என்னிடம், "நாளைக்கே வர முடியுமா?" என்று கேட்டார். வந்தேன். அவ்வளவுதான் என் போராட்டம்.

கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவள் நான். வெளியூரில் படிக்கும் மகள்தான் ஒரு நாள் போனில், "அம்மா, இப்பல்லாம் ஆன்லைன்லயே முடிக்கலாம். விட்ட எடத்துல இருந்து சேத்துக்குவாங்க" என்றாள். சேர்ந்தேன். விருப்பப் பாடங்களில் புள்ளியியல் இருந்தது, சுற்றுச்சூழல் இருந்தது. பாலினச் சமூகவியல் என்ற பெயரைப் பார்த்ததும் புத்தகத்தைத் தொடாமலே முதல் மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று தோன்றியது. நானே ஒரு பாடம்தானே.

வகுப்பு சாயங்காலங்களில். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொள்வேன். எங்கே வைத்தால் என் முகம் நன்றாகத் தெரியும் என்று நான் பார்க்கவில்லை. எங்கே வைத்தால் எனக்குப் பின்னால் சமையலறை தெரியும் என்று பார்த்தேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அவருக்குக் கண்ணாடிக் கடை. என்னைவிட முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார், ராத்திரிச் சாப்பாடு அவர் பொறுப்பு. இதை என் வகுப்புத் தோழர்கள் எல்லாரும், சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்தபடி, நான் சொல்லாமலே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பாவம், அவருக்கு இது தெரியாது. இரண்டு வகுப்பு வரை பனியனோடு வந்து போனார். தெரிந்த அன்றைக்கு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் கத்தியை எடுத்தார்.

பேராசிரியை என் மகளைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். குரலை உயர்த்தவே மாட்டார். யார் என்ன சொன்னாலும், "ம், அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' என்பதைக் கேட்டால், பேசியவருக்குத் தான் இதுவரை ஒன்றுமே பேசவில்லை என்று புரிந்துவிடும். எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

முதல் வகுப்பில் எல்லாரையும் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார். நான், "எங்க வீட்ல அவர் எனக்கு ரொம்ப ஹெல்ப் பண்ணுவார் மேடம்" என்றேன்.

"எதுக்கு ஹெல்ப் பண்றார்?"

"வீட்டு வேலைக்கு."

"அது யாரோட வேலை?"

"எங்க ரெண்டு பேரோடதும்தான்."

"சரி. அப்போ நீங்க சமைக்கும்போது அவருக்கு ஹெல்ப் பண்றதா சொல்லுவீங்களா?"

நெட்வொர்க் சரியில்லாதது மாதிரி வாயைப் பாதியில் திறந்து அப்படியே அசையாமல் உட்கார்ந்தேன். பின்னால் என் வீட்டுக்காரர் நடந்து போய்க் குக்கரைத் திறந்ததில் என் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இன்னொரு வகுப்பில் மொழியைப் பற்றிப் பேச்சு. "வீட்டுல யாரு யாரை நீங்கன்னு கூப்பிடுறாங்க, யாரு யாரை நீன்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் யோசித்தேன். நான் அவரை 'நீங்க' என்கிறேன். அவர் என்னை 'நீ' என்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அன்றைக்கே இதை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். வகுப்பு முடிந்ததும் சமையலறைக்குப் போய், "நீ..." என்று ஆரம்பித்தேன். நாக்கு நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். "...ங்க சாப்டீங்களா?" என்று முடித்தேன். அவர் கையில் தட்டு இருந்தது, வாய் நிறையச் சோறு இருந்தது. "என்னவாம்?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். புரட்சி அதோடு சரி.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் கட்டுரையில் வந்தது. உங்கள் வேலையிடத்தில் ஆணும் பெண்ணும் எப்படி வேறுவேறாக நடத்தப்படுகிறார்கள் என்று கவனித்து எழுதச் சொன்னார் பேராசிரியை. யாரைப் பற்றி எழுதுவது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. மீசை இருந்தார்.

மீசை எங்கள் ஸ்கூலின் சீனியர். அவருக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் அந்த மீசையைப் பார்த்த பிறகு யாருக்கும் பெயர் ஞாபகம் இருப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க வசதியா போச்சு" என்றார். அந்த ஒரு வரியை இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். கட்டுரைக்கு ஆகும் என்று அப்போது தெரியாது.

அவர் வண்டியின் பின் சீட்டில் ஒரு நாள் உட்கார அனுமதி கேட்டேன். "எதுக்கு?" என்றார். "படிப்புக்கு" என்றேன். "உக்காரு, ஆனா பேசாத" என்றார். முதலில் ஒரு பெண் ஓட்ட வந்தாள், துணிக்கடையில் வேலை பார்ப்பவள். முதல் திருப்பத்திலேயே மீசை ஆரம்பித்துவிட்டார். "கண்ணு எங்க இருக்கு? ரோட்டுல வைன்னு சொன்னேன்ல. கிளட்ச் என்ன உனக்கு ஜென்ம விரோதியா, இந்த மிதி மிதிக்கற?" எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அடுத்து ஒரு ஆள் வந்தான், ஜிம்மில் பயிற்சி கொடுப்பவன், கையே என் இடுப்பு அளவு இருக்கும். "கண்ணு எங்க இருக்கு?" என்று ஆரம்பித்தார் மீசை. ஒரு வார்த்தை மாறாமல், கிளட்ச், ஜென்ம விரோதி, எல்லாம் வந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாரபட்சமே இல்லாமல் திட்டுகிற மனிதரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கட்டுரை எழுதுவது?

ஆனாலும் எழுதினேன். பார்த்ததை எழுதினால் பக்கம் நிரம்பாது என்பதால் பாடத்தில் படித்த பெரிய பெரிய வார்த்தைகளையெல்லாம் போட்டேன். அதிகாரம், ஆதிக்கம், ஆண்மையின் குறியீடு என்று மீசைக்கு மட்டுமே ஒரு பத்தி. திருப்பி வந்தபோது ஓரத்தில் பேராசிரியை எழுதியிருந்தார்: 'மீசை நன்றாக வந்திருக்கிறது. நீங்கள் எங்கே? உங்களையும் யாராவது கவனிக்கட்டும். அவர் சொல்வதைக் கேட்டுத் திருப்பி எழுதுங்கள்.'

என்னைக் கவனிக்க யாரைக் கூப்பிடுவது? என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொல்ல விட்டதில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

"பின்னாடி உக்காந்து நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"சும்மா பாருங்க."

"எதைப் பாக்கணும்?"

"எல்லாத்தையும்தான். நான் ஆம்பளைங்கள எப்படி நடத்துறேன், பொம்பளைங்கள எப்படி நடத்துறேன்னு. ஒரே மாதிரிதான் இருக்கும். அதை நீங்க சொன்னா நான் எழுதிக்குவேன்."

கடைக்கு விடுமுறையான ஒரு காலையில் வந்து ஏறினார். என் வண்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஸ்கூலில் இருக்கும் எல்லா வண்டிகளையும் போல அதிலும் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. ஆனால் என் வண்டியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மற்ற வண்டிகள் எல்லாம் முட்டி மோதி, மூக்குடைந்து நிற்கும். என்னுடையது பளபளவென்று இருக்கும். அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே மரியாதை வரும்.

முதலில் ஓட்டியது ஒரு கல்லூரிப் பையன். அடுத்து நர்ஸ்.

இந்த நர்ஸ் பெண்ணைப் பற்றி எனக்குக் கவலை. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது, அதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். நன்றாகத்தான் ஓட்டுவாள். ஆனால் டெஸ்டுக்குப் போனால் கோட்டைவிட்டுவிடுவாள். மூன்று தடவை ஆகிவிட்டது. "பயம்மா, வேற ஒண்ணும் இல்ல. மனசத் தைரியமா வெச்சுக்கோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவேன். எனக்குத் தெரிந்த மனோதத்துவம் அவ்வளவுதான்.

இருவரும் போன பிறகு மைதானத்து ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவர் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

"நல்லா சொல்லிக் குடுக்கற."

"அது தெரியும். வேற?"

"அந்தப் பையனை வாங்க, போங்கன்னு பேசுற. நம்ம பொண்ணைவிட சின்னவன். அந்த நர்ஸை வாம்மா, போம்மாங்கற."

"அது பாசம்."

"சரி" என்றார். அவர் 'சரி' என்றால் சரியில்லை என்று அர்த்தம்.

"வேற என்ன?"

"உன் கால்."

"காலுக்கு என்ன?"

"பையன் ஓட்டும்போது காலை நீட்டி சாஞ்சு உக்காந்திருந்த. கொட்டாவிகூட விட்ட. அந்தப் பொண்ணு ஏறினதுல இருந்து உன் கால் பிரேக்க விட்டு எறங்கவே இல்ல. அவ நிறுத்தறதுக்குள்ள ஒவ்வொரு எடத்துலயும் நீயே நிறுத்திட்ட."

"நான் நிறுத்தலன்னா அவ நிறுத்த மாட்டா. அதனாலதான மூணு தடவை ஃபெயில் ஆனா."

"எதுல ஃபெயில்?"

"ஜீப்ரா கிராசிங்ல நிறுத்தாம போயிடுறா. டெஸ்ட் எடுக்கறவர்தான் பிரேக் போடுறார். அப்படி அவர் கால் வெச்சாலே ஃபெயில்தான்."

நான் சொன்னது எனக்கே திரும்ப வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் வீடுவரைக்கும் நானாகவே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பாதுகாப்பு என்றேன், பொறுப்பு என்றேன், பின் சீட்டிலிருந்து கால் எப்படித் தெரியும் என்றேன். "எட்டிப் பாத்தேன். எல்லாத்தையும் பாக்கச் சொன்னியே" என்றார்.

அன்று மத்தியானம் அவர் அடுப்பில் வாணலியை வைத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனவள் போகிற போக்கில் அடுப்பைச் சின்னதாக்கினேன். அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெரிதாக்கிக்கொண்டார். இதை நான் தினமும் செய்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரைக் குடிக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில நாள் என் காலை நானே உளவு பார்த்தேன். எதிரே பார்க்காமல் அடிக்கடி கீழே பார்த்ததில், வண்டியில் இருந்தவர்கள் என் செருப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆண் யாராவது ஏறினால் கால் தன் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். பெண் ஏறி பெல்ட் போட்டதும் அதுவாக எழுந்து போய் பிரேக் மேல் உட்கார்ந்துகொள்ளும். இழுத்து வைத்தால் மறுபடி போகும். தலைக்கு ஏறிய படிப்பு முட்டிக்குக் கீழே இறங்கவே இல்லை. 'தடைகளைத் தாண்டி' என்று மேடை மேடையாகப் பேசியவள், ஊரில் பாதிப் பெண்களுக்குத் தடையைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

நர்ஸிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த வகுப்புக்கு அவள் வந்ததும், வண்டியைக் கிளப்பும் முன்னால், "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா... உங்ககிட்ட" என்று திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தத்திலேயே அவள் பயந்துவிட்டாள்.

"என்னக்கா, லைசென்ஸ் கெடைக்காதா?"

"அதில்ல. நீங்க ஓட்டும்போது நான்தான் பிரேக் போட்டுட்டு இருந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும்."

அவள் என் பக்கமாகக் குனிந்து கீழே பார்த்தாள். "அது நீங்களா?"

"நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"வண்டில ஏதோ வெச்சிருக்காங்க, கிராசிங் வந்தா தானா இழுத்துப் புடிக்கும்னு நெனச்சேன். வீட்லகூட பெருமையா சொன்னேன். டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வேலை செய்யாது. டெஸ்ட் எடுக்கற அந்தப் பெரியவரு உக்காந்தா வண்டிக்குப் புடிக்கலபோலன்னு நெனச்சுக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அக்கா, நான் ஐசியூல வேலை பாக்கறேன். மூச்சு விட முடியாதவங்கள எங்கிட்ட விட்டுட்டு டாக்டருங்க வீட்டுக்குப் போறாங்க. ஒரு காரை நிறுத்தறதுக்கு நான் ஆகமாட்டேன்னு உங்களுக்குத் தோணிச்சா?"

"தோணல. தோணியிருந்தா சண்டை போட்டு மாத்தியிருப்பேன். கால் தானா போயிடுச்சு."

"ஷிப்ட் முடிஞ்சு எத்தனை நாளு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா?"

தெரியாது. கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "காலை எடுத்து மேல வைங்க" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பயிற்சி கொடுப்பவர் இப்படி உட்காரக் கூடாது, தெரியும். ஆனால் கீழே விட்டால் அது என் பேச்சைக் கேட்காது, அதுவும் தெரியும்.

முதல் கிராசிங்கில் அவள் பிரேக்கைத் தாமதமாக அழுத்தினாள். வெள்ளைக் கோட்டின் மேல் போய் நின்றோம். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று எங்களை முறைத்துவிட்டுப் போனார். நான் இரண்டு முட்டியையும் கையால் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதில் ரொம்ப முன்னாலேயே அழுத்திவிட்டாள். பின்னால் வந்தவன் ஹாரனிலேயே திட்டினான். மூன்றாவதில் சரியாக நின்றாள். நின்றதும் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது பாருங்கள், அதைச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை. கார் தன் காலுக்குக் கட்டுப்படும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாள் அதை நான் அவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

அந்த ஆச்சரியத்தோடேயே சூப்பர் மார்க்கெட் வண்டி நிறுத்துமிடத்துக்குள் திருப்பினாள். அங்கே குட்டையாக ஒரு சிமென்ட் தூண் உண்டு. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "நிறுத்து" என்று நான் வாயால் சொல்லி முடிப்பதற்குள் மடாரென்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தோம். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பளபள வண்டியின் பம்பர், சிரித்த வாய் மாதிரி ஒரு பக்கம் பிளந்து தொங்கியது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தயாரானேன். அவள் குனிந்து பிளவை விரலால் தொட்டுப் பார்த்து, "லேட்டா அழுத்திட்டேன். முன்னாடியே தெரிஞ்சுது, ஆனா நீங்க அழுத்துவீங்கன்னு கால் காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. பம்பருக்கா வேறு எதற்கா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நீ எங்க இருந்த?" என்று கேட்டார்.

"பக்கத்து சீட்லதான் சார்."

"உன் கால்?"

"சீட்டு மேல."

"ஏன்?"

சொன்னேன். பாலினத்தில் ஆரம்பித்து, சமூகத்தின் வழியாகக் கால்வரைக்கும் வந்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். "நீ படிக்கறது நல்ல விஷயந்தான். ஆனா என் வண்டிய வெச்சுப் படிக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மீசை தன் வண்டியில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து பம்பரைக் காலால் லேசாகத் தட்டினார். "என் வண்டில எத்தனை அடி இருக்கு பாத்தியா? எல்லாம் கத்துக்க வந்தவங்க போட்டது. உன் வண்டி மட்டும் எப்பவும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி நிக்கும். ஒருவேளை உன்கிட்ட யாரும் ஓட்டவே இல்லையோன்னு நெனச்சிருக்கேன்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று மீசைக்கு மேலே தெரியவில்லை. அவரைப் பற்றி எழுதிய அந்தப் பத்தியை நினைத்துக் கொஞ்சம் கூசியது. ஆனால் முதல் நாள் அவர் சொன்ன வரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது தனிக் கணக்கு.

பெண்களிடம் காலை எடுக்கிறேன் என்றால் ஆண்களிடம் வைக்க வேண்டும், அதுதான் சமத்துவம் என்று எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். கல்லூரிப் பையன் ஓட்டும்போது வேண்டுமென்றே காலை பிரேக்கில் வைத்து, "மெதுவா, மெதுவா, பாத்து" என்று நான்கு இடங்களில் அழுத்தினேன். அவ்வளவுதான். அடுத்த நாளே அவன் முதலாளியிடம் போய், "அந்த மேடம் என்னை ஓட்டவே விட மாட்டேங்கறாங்க சார். வேற ஆள் குடுங்க" என்று புகார் சொல்லிவிட்டான். இத்தனை வருடத்தில் ஒரு பெண்கூட இதைப் புகாராகச் சொன்னதில்லை. ஒரே நாளில் அவனுக்குத் தெரிந்துவிட்டது, பிரேக் போடுவது யார் என்று. அந்தப் பெண்களெல்லாம் தாங்கள் ஓட்டுவதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம்தான் இரண்டாவது கட்டுரையில் எழுதினேன். இந்தத் தடவை பெரிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. தேடினேன், எதுவும் காலுக்குப் பொருந்தவில்லை. கடைசி வகுப்பில் அதைப் படிக்கச் சொன்னார் பேராசிரியை. படித்தேன். பையன் புகார் சொன்ன இடத்தில் கட்டங்களுக்குள் சில பேர் சிரித்தார்கள். எல்லாம் பெண்கள் என்பதைக் கவனித்தேன், படிப்பு கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. பேராசிரியை வழக்கம்போல, "ம், அப்புறம்?" என்றார். அப்புறம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை, அதையே சொன்னேன். முதல் கட்டுரையைவிட இதற்கு மதிப்பெண் குறைவு. 'இப்போது நீங்கள் தெரிகிறீர்கள். மேற்கோள்கள் எங்கே?' என்று எழுதியிருந்தார். பாஸ் ஆகிவிட்டேன். பாடம் நடத்த யாரும் கூப்பிடவில்லை.

நர்ஸின் டெஸ்ட் அதற்கு அடுத்த வாரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் எடுக்கும் பெரியவரோடு புறப்பட்டுப் போனாள். தூரத்தில் கிராசிங் தெரிந்தது. அங்கே ஒரு அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கத் தயாராக நின்றாள். வண்டி கோட்டுக்கு முன்னால், அலட்டிக்கொள்ளாமல் நின்றது. குழந்தை பராக்குப் பார்த்துக்கொண்டே கடந்து முடிக்கும்வரை நின்றுவிட்டுப் பிறகு கிளம்பியது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் அவர் காலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ். திரும்பி வந்ததும் அவள் துள்ளவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "நின்னுச்சுக்கா" என்றாள்.

"நிறுத்தினீங்க" என்றேன்.

சில நாள் கழித்து, வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூல் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். அவள் வீட்டுக் கார், கொஞ்சம் பழசு. "ஏறுங்கக்கா, வீட்டுல விடறேன்" என்றாள். ஏறினேன். போகிற வழியெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள், ஒரு கையால் சைகை செய்துகொண்டே. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பாதி வழியில் அவளுக்குப் போன் வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுத்தாள். வார்டில் யாரோ வரவில்லை, உடனே வரச் சொல்கிறார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இங்க எறக்கிவிட்டா பஸ்ல போயிடுவீங்களா?"

"தாராளமா."

இறங்கி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவள் இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியில் பார்த்தாள், நெரிசலுக்குள் இடம் வரும்வரை காத்திருந்தாள். பிறகு அதில் கலந்து போய்விட்டாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கிளம்பும்போது கவனத்தைச் சிதற விடக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் லேசாகக் கை காட்டிவிட்டுப் போயிருக்கலாம்.